சராசரி 22.53

கணிதம் கற்பிக்கிற நான் கிரிக்கட் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சஞ்சிகைக் குழு மாணவிகள் சிரித்தார்கள். மூன்று காக்காமாரோடு கல்முனையில் வளர்ந்தவளுக்கு இந்த விளையாட்டு தெரியாமல் போக வழியில்லை. கடற்கரையில் மீன் பெட்டியை விக்கெட்டாக வைத்து அவர்கள் ஆடுவார்கள். ஓட்டக் கணக்கு வைப்பது என் வேலை. கணக்கின் மீது எனக்கு ஆசை வந்ததே அந்த மணலில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ஒருவர் 13 தடவை துடுப்பெடுத்தாடி, 13 தடவையும் ஆட்டமிழந்து, மொத்தம் 293 ஓட்டங்கள் எடுத்திருக்கிறார். அவருடைய சராசரி என்ன? தரம் ஒன்பது மாணவி 22.54 என்பாள். அவள் சொல்வது சரி. கிட்டிய இரண்டாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் அதுதான் விடை. ஆனால் கிரிக்கட் பதிவேடுகளில் மிகுதியை மட்டந்தட்டாமல் வெட்டிவிடுவது வழக்கம். அதனால் அந்த மனிதரின் பெயருக்கு எதிரே 22.53 என்றுதான் இருக்கிறது.

டெஸ்ட் போட்டிகளில் 40க்கு மேல் சராசரி வைத்திருப்பவரை நல்ல துடுப்பாட்ட வீரர் என்பார்கள். 22.53 என்றால் தேர்வுக்குழு அவரை மறந்துவிடும். மறந்தும் விட்டது. ஏழு டெஸ்ட், ஒரே ஒரு ஒருநாள் போட்டி. அவ்வளவுடன் அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்துபோனது. டேவ் வட்மோர் என்ற பெயரை ஒரு வீரராக இன்று நினைவு வைத்திருப்பவர்கள் மெல்பேர்னில் சில முதியவர்கள் இருக்கலாம். ஆனால் 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது அணியின் பயிற்றுவிப்பாளர் அவர்தான்.

இந்த மனிதரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. உயர்தரப் பெறுபேறு வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "டீச்சர், இவள் கெம்பஸுக்கு எடுபடல. வீட்டுல சும்மா இருக்காம கல்வியியற் கல்லூரிக்காவது அனுப்புவம் எண்டு யோசிக்கம்" என்றார். அந்த 'காவது' என்ற சொல்லைக் கேட்டு மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அட்டாளைச்சேனையில் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அதில் படித்து வெளியேறியவர்கள்தான் நம் பிரதேசத்தின் பல பாடசாலைகளைத் தாங்கி நிற்கிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் அது இரண்டாம் தரமான வழி. தானாக எதையும் செய்ய முடியாதவர் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்ற எண்ணம் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க வட்மோரின் வாழ்க்கை நல்ல உதாரணம்.

அவர் 1954 மார்ச் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். 1962இல் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது வயது எட்டு. மெல்பேர்னில் வளர்ந்து, விக்டோரியா மாநில அணிக்காக 1975 தொடக்கம் ஏறத்தாழ பதினான்கு பருவங்கள் ஆடினார். முதல்தரப் போட்டிகளில் ஆறாயிரம் ஓட்டங்களுக்குக் கிட்ட எடுத்தார். தினமும் வேலைக்குப் போய் வருகிறவரைப் போல ஆடியவர் என்று சொல்லலாம். இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் எந்த அணியும் இல்லை. இவர்களுடைய படத்தைச் சுவரில் ஒட்டுகிறவர்களும் இல்லை.

நாட்டுக்காக ஆடும் வாய்ப்பும் ஒரு தற்செயலால் வந்தது. 1977இல் கெரி பக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி அவுஸ்திரேலியாவின் முன்னணி வீரர்களைப் பணம் கொடுத்துத் தன் தனிப்பட்ட போட்டித் தொடருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். உத்தியோகபூர்வ அணியில் இடங்கள் காலியாயின. அப்படிக் கிடைத்த இடங்களில் ஒன்றில்தான் 1979 மார்ச்சில் வட்மோர் நுழைந்தார். மெல்பேர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் போட்டியிலேயே ஒரு பெரிய சரிவைக் கண்டார். 382 ஓட்டங்கள் தேவைப்பட்ட அவுஸ்திரேலியா மூன்று விக்கெட்டுக்கு 305 என்ற நிலையில் இருந்தது. சர்ப்ராஸ் நவாஸ் 33 பந்துகளில் ஒரே ஓட்டத்தைக் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 310க்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் ஐந்து போட்டிகள் ஆடினார். அதற்குள் பக்கருக்கும் கிரிக்கட் சபைக்கும் சமாதானம் ஏற்பட்டு, போனவர்கள் திரும்பி வந்தார்கள். இடம் கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை விட்டபின் விக்டோரியாவில் இளம் வீரர்களைப் பயிற்றுவித்தார். 1995இல் இலங்கை அழைத்தது.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். வெற்றி வந்தபின் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது நம் வழக்கம். வட்மோர் வருவதற்கு முன்பே, 1995 மார்ச்சில், இலங்கை நியூசிலாந்தில் முதன்முறையாக வெளிநாட்டு டெஸ்ட் தொடர் ஒன்றை வென்றிருந்தது. அர்ஜுன ரணதுங்கவின் தலைமை, அரவிந்த டி சில்வாவின் துடுப்பு, முரளிதரனின் சுழல் எல்லாம் ஏற்கனவே இருந்தவை. திறமை இல்லாத இடத்தில் எந்தப் பயிற்றுவிப்பாளரும் அதைப் படைத்துவிட முடியாது. அப்படியென்றால் அவர் செய்தது என்ன?

முதலாவது, உடல். அவரோடு அலெக்ஸ் கொன்டூரிஸ் என்ற இயன்மருத்துவரும் வந்தார். அதுவரை நம் வீரர்களின் திறமைக்குக் குறைவில்லை. ஓட்டத்துக்கும் களத்தடுப்புக்கும் குறை இருந்தது. பந்தைப் பிடிப்பது, எறிவது, ஓடுவது என்ற அலுப்பான வேலைகளை ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். இதைப் பற்றி யாரும் கவிதை எழுதமாட்டார்கள். வாய்ப்பாட்டைப் பாடமாக்கச் சொல்லும் ஆசிரியையை மாணவிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரிக்கட் பார்க்காத தாய்மாருக்காக விளக்குகிறேன். அந்தக் காலத்து ஒருநாள் போட்டியில் முதல் 15 ஓவர்களுக்கு ஒரு விதி இருந்தது. ஆடுகளத்தைச் சுற்றி 30 யார் தூரத்தில் ஒரு வட்டம். எதிரணியில் இரண்டு பேர் மட்டுமே அதற்கு வெளியே நிற்கலாம். அதாவது பந்தைத் தலைக்கு மேலால் தூக்கி அடித்தால் அங்கே பிடிக்க ஆளில்லை. ஆனால் புதுப் பந்து ஆபத்தானது. ஆகவே பெரும்பாலான அணிகள் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு மெதுவாகத் தொடங்கி, கடைசிப் பத்து ஓவர்களில் அடிப்பார்கள். தொடக்கத்திலேயே அடித்தாடும் முயற்சி அங்கொன்று இங்கொன்றாக நடந்ததுண்டு. இலங்கை அதை ஒரு முறையாகவே ஆக்கியது. கீழ்வரிசையில் ஆடிவந்த விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரணவை 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக அனுப்பினார்கள். மறுமுனையில் சனத் ஜயசூரிய. இருவருக்கும் முதல் பந்திலிருந்தே அடிக்க அனுமதி.

அனுமதி என்ற சொல்லைக் கவனியுங்கள். அடி என்று சொல்வது எளிது. அடித்து ஆட்டமிழந்து வந்தவனை அடுத்த போட்டியிலும் அதே இடத்தில் அனுப்புவதுதான் கடினம். ஒரு தடவை பிழைத்ததும் முகத்தைச் சுளித்தால், அந்தப் பிள்ளை மறுநாள் கையை உயர்த்தாது. அணித் தலைவரும் பயிற்றுவிப்பாளரும் முகம் சுளிக்காமல் இருந்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. உலகக் கிண்ணத்தின் முதல் சுற்றில், டில்லியில் இந்தியாவுக்கு எதிராக, முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள். காலிறுதியில் பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஜயசூரிய 44 பந்துகளில் 82. எல்லோரும் இவற்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரையிறுதியில் நடந்ததை மறந்துவிட்டார்கள். கொல்கத்தாவில் முதல் ஓவரிலேயே இருவரும் ஆட்டமிழந்தார்கள். அப்போது அணியின் மொத்த ஓட்டம் ஒன்று! லாகூரில் நடந்த இறுதிப் போட்டியிலும் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் வெளியே. புகழ்பெற்ற அந்தச் சோடி கடைசி இரண்டு போட்டிகளிலும் தோற்றது. அணி இரண்டையும் வென்றது. ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, மஹாநாம, திலகரத்ன என்று நிதானமான அனுபவசாலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருவர் துணிந்து விழலாம்; கீழே தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47. அவுஸ்திரேலியாவின் 241ஐ மூன்றே விக்கெட்டுகளை இழந்து கடந்தார்கள்.

அன்று 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. வட்மோருக்கு 42 வயது நிறைந்த மறுநாள். நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில் தொடங்கிய உலகக் கிண்ணம் பெருநாள் கழிந்து மூன்றரை வாரத்தில் முடிந்தது. யுத்த காலம். ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்ததால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையில் ஆட மறுத்திருந்தன. எங்கள் ஒழுங்கையில் தொலைக்காட்சி இருந்த வீட்டில் ஆண்கள் முற்றம் வரை நின்றார்கள். நாங்கள் குசினிப் பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்தோம். வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அன்று தெரியவே தெரியாது.

சாதாரணமாக ஆடியவர் சிறந்த பயிற்றுவிப்பாளராவது கிரிக்கட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பேஸ்போல் இந்தப் போக்குக்குப் பேர்போனது. அங்கே அணியை நடத்துபவரை முகாமையாளர் என்பார்கள். ஸ்பார்க்கி அண்டர்சன் என்றொருவர். அடித்த பந்து தரையில் உருண்டு வந்தால் பாய்ந்து எடுத்து எறிகின்ற உட்களத் தடுப்பாளர். மிக உயர்ந்த மட்டத்தில் அவர் ஆடியது 1959 என்ற ஒரே ஆண்டு, பிலடெல்பியா அணிக்கு. அவருடைய அடிச் சராசரி .218. ஆயிரம் வாய்ப்பில் 218 அடிகள் என்று பொருள். நிரந்தர இடத்துக்கு அது போதாது. கீழ்மட்டப் போட்டிகளில் சில ஆண்டுகள் ஆடிவிட்டு, அங்கேயே அணிகளை நடத்தப் பழகினார். 1970இல் சின்சினாட்டி அணியின் முகாமையாளரானார். 1975, 1976இல் அந்த அணியும் 1984இல் டெட்ரொயிட் அணியும் அவர் தலைமையில் சம்பியனாயின. அங்குள்ள இரண்டு லீக்குகளிலும் சம்பியன் அணியை நடத்திய முதல் முகாமையாளர் அவர்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இயல்பாக வருகிறவருக்குத் தான் எப்படிச் செய்கிறேன் என்பது பெரும்பாலும் தெரியாது. என்னோடு படித்த ஒருத்தி கேத்திர கணித நிறுவல்களைப் பார்த்த உடனே எழுதிவிடுவாள். எப்படி என்று கேட்டால், "பார்த்தா விளங்குதுதானே மச்சி" என்பாள். எனக்கு விளங்காது. ஒவ்வொரு படியாக ஏறித்தான் அங்கே போய்ச் சேருவேன். இன்று வகுப்பில் ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறாள் என்பது எனக்கு உடனே தெரிகிறதென்றால், அந்தப் படியில் நானும் நின்றிருக்கிறேன் என்பதுதான் காரணம். அணியில் நிலையான இடமில்லாமல், அடுத்த போட்டியில் பெயர் வருமா என்று காத்திருந்தவருக்கு, வெளியே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாவது வீரனின் முகம் விளங்கும். எல்லாச் சாதாரண வீரரும் நல்ல பயிற்றுவிப்பாளராகிவிடுவார் என்று இதற்குப் பொருளில்லை. கற்பித்தல் தனியான ஒரு திறமை, அதைத் தனியாகக் கற்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

உலகக் கிண்ணத்துக்குப் பின் வட்மோர் இங்கிலாந்தின் லங்காஷயர் அணிக்குப் போனார். 1998இல் அவர்கள் இரண்டு கிண்ணங்களை வென்றார்கள். 1999இல் மீண்டும் இலங்கைக்கு வந்து 2003 வரை இருந்தார். இந்தக் காலத்தில் நடந்த ஒரு தொடர் கணித ஆசிரியைகளுக்கென்றே நடந்தது போலிருக்கும். 2001 இறுதியில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே மூன்று டெஸ்ட் ஆடினார்கள். பிரயன் லாரா ஆறு இன்னிங்ஸில் 688 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 114க்கு மேல். அவருடைய அணி மூன்று போட்டியிலும் தோற்றது. ஒருவருடைய சராசரி அவரைப் பற்றி ஏதோ சொல்கிறது, உண்மைதான். அவர் இருந்த அணிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

பிறகு 2003இல் பங்களாதேஷ். அது யாரும் விரும்பிப் போகிற வேலையாக இருக்கவில்லை. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் அவர்கள் கனடாவிடம்கூடத் தோற்றிருந்தார்கள். டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து மூன்றாண்டுகளாகியும் ஒரு டெஸ்ட் வெற்றியும் இல்லை. தோற்றுப் பழகிய வகுப்பைக் கையேற்பது எப்படியென்று நம் ஆசிரியைகளுக்குத் தெரியும். பிள்ளைகளே தங்களை நம்பமாட்டார்கள். 35ஆவது டெஸ்டில், 2005 ஜனவரி 10ஆம் திகதி, சிட்டகொங்கில் சிம்பாப்வேக்கு எதிராக முதல் வெற்றி வந்தது. பதினெட்டு வயது இனாமுல் ஹக் கடைசி இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். அந்த நாளில் எங்கள் கரையில் யாரும் கிரிக்கட் செய்தி கேட்டிருக்கமாட்டோம். சுனாமி வந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் கார்டிபில் அவுஸ்திரேலியாவையே பங்களாதேஷ் ஒருநாள் போட்டியில் வென்றது. மொஹமட் அஷ்ரபுல் சதமடித்தார்.

இனி 2007. உலகக் கிண்ணம் மேற்கிந்தியத் தீவுகளில். பங்களாதேஷின் முதல் போட்டி இந்தியாவுடன், மார்ச் 17ஆம் திகதி. லாகூர் இறுதிப் போட்டி நடந்து சரியாகப் பதினொரு ஆண்டுகள். அதற்கு முதல் நாள், அந்த வீரர்களோடு ஆடிய மஞ்சுருல் இஸ்லாம் ராணா ஊரில் வீதி விபத்தில் காலமானார். வயது 22. அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டுதான் அவர்கள் களமிறங்கினார்கள். இந்தியாவை 191க்கு மடக்கினார்கள். பிறகு அரைச்சதம் அடித்த மூவரையும் பாருங்கள். தமீம் இக்பால், வயது 17. ஷகிப் அல் ஹசன், வயது 19. முஷ்பிகுர் ரஹீம், அவரும் பத்தொன்பதைத் தாண்டாதவர். உயர்தர வகுப்பு வயது! இந்தியா முதல் சுற்றோடு வீடு திரும்பியது. ஏப்ரலில் பங்களாதேஷ் தென்னாபிரிக்காவையும் வென்றது. முஷ்பிகுரைப் போன்ற சிறுவனுக்கு, அனுபவசாலி ஒருவரை வெளியே வைத்து இடம் கொடுப்பது சின்ன விடயமல்ல. முதல் போட்டியிலேயே பிழைத்திருந்தால் ஏச்சு முழுவதும் தேர்வு செய்தவர்களுக்குத்தான் விழுந்திருக்கும்.

அதோடு அந்த ஒப்பந்தமும் முடிந்தது. வட்மோர் இந்தியாவின் தேசிய கிரிக்கட் அக்கடமிக்குப் போனார். 2008இல் கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றபோது பயிற்றுவிப்பாளர் அவர். அணித் தலைவர் விராட் கோஹ்லி. பின்னர் ஐ.பி.எல்லில் கொல்கத்தா. 2012 மார்ச்சில் பாகிஸ்தான்.

பாகிஸ்தானில் அவருடைய முதல் வேலை ஆசியக் கிண்ணம். போட்டிகள் டாக்காவில். இறுதிப் போட்டியில் எதிரே நின்றது பங்களாதேஷ். ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் இடம் கொடுத்து வளர்த்த அதே தமீம், அதே ஷகிப். முஷ்பிகுர் இப்போது அணித் தலைவர். பாகிஸ்தான் 236 எடுத்தது. பங்களாதேஷ் கடைசிப் பந்து வரை வந்து இரண்டே ஓட்டங்களால் தோற்றது. மைதானத்திலேயே முஷ்பிகுரும் ஷகிப்பும் அழுதார்கள். அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். வென்ற அணியின் பயிற்றுவிப்பாளர் அந்த நேரம் எதை நினைத்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பிப்பவருக்கு இப்படியும் ஒரு நாள் வரும். பாடசாலை மாறிப்போன ஆசிரியை, கோட்ட மட்ட வினாவிடைப் போட்டியில் பழைய மாணவிகளுக்கு எதிராகப் புதிய மாணவிகளைக் கொண்டுவந்து நிறுத்துவதைப் போல. நம்மில் சிலருக்கு அது நடந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு புறம் இருக்க, கைதட்டுவதா விடுவதா என்றே தெரியாது.

எல்லா இடத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. 2014 இறுதியில் போன சிம்பாப்வேயில், 2016 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் அணி முதற்கட்டத்தைத் தாண்டாமல் போனதால் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நீக்கிவிட்டார்கள். பயிற்றுவிப்பாளரின் வாழ்க்கை இப்படித்தான். தோற்றால் பதினொரு பேரை நீக்க முடியாது, ஒருவரை நீக்கலாம். அப்போது அவருக்கு வயது 62. ஓய்வெடுத்திருக்கலாம். அவர் கேரளாவுக்குப் போனார்.

நம் மகள்மாருக்காக இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் இலங்கை மகளிர் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் ருமேஷ் ரத்நாயக்க. 1985இல் பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை முதன்முதலாக டெஸ்ட் வென்றபோது ஒன்பது விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். ஆனால் மொத்தம் 23 டெஸ்டுகளோடு அவருடைய ஆட்டமும் நின்றுபோனது. அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்திருக்கும்: 1985இன் கதையையே சொல்லிக்கொண்டிருக்கலாம், அல்லது கற்பிக்கப் போகலாம்.

இஸட் புள்ளி பற்றியும் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மாணவியின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இஸட் புள்ளி. அவ்வளவுதான். அந்த ஆண்டு, அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் நடுவில் அவள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றாள் என்பதை அது மிகச் சரியாகச் சொல்லும். பல்கலைக்கழக அனுமதிக்கு அப்படியொரு அளவுகோல் தேவை. அதைக் குறை சொல்லமாட்டேன். கொட்டுகிற மழையில் நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பறையில் அமைதியாக இருத்தி, அவர்களில் பின்வரிசைப் பிள்ளைக்கும் பின்னங்களை விளங்கவைக்கத் தெரியுமா என்பதை அளக்க அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. என்னைப் பார்க்க வந்த அந்தத் தாயிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. 'காவது' என்பதை மட்டும் பிள்ளையின் முன்னால் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மகள் இப்போது அட்டாளைச்சேனையில் கணிதம் படிக்கிறாள்.

கேரளாவுக்கு வருவோம். இந்தியாவின் ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் அந்த மாநிலம் பல பத்தாண்டுகளாக ஆடியும் காலிறுதியைக் கண்டதில்லை. வட்மோர் பொறுப்பேற்ற 2017–18 பருவத்தில் முதன்முறையாகக் காலிறுதி. விதர்பா அணியிடம் தோற்றார்கள். மறு ஆண்டு வயநாட்டில் குஜராத்தை வென்று முதன்முறையாக அரையிறுதி. மீண்டும் விதர்பாவிடம் தோற்றார்கள். 2020 அளவில் வட்மோர் அங்கிருந்தும் புறப்பட்டு, நேபாளத்துக்கும் பரோடாவுக்கும் போனார். கேரளா முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது 2024–25 பருவத்தில். எதிரணி மறுபடியும் விதர்பா. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தாலும், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றதால் கிண்ணம் விதர்பாவுக்கே போனது. கேரளாவை அந்த இறுதிப் போட்டி வரை கொண்டுவந்தவர் அமய் குராசியா என்ற மத்தியப் பிரதேசக்காரர். அவர் இந்தியாவுக்காக ஆடியது 12 ஒருநாள் போட்டிகள்.